ஆரம்ப வகுப்பில் பதினோரு வருஷம்

இந்த வருஷம் ஆரம்ப வகுப்புக் கோப்பையை வாங்கியே தீருவது என்று லிஃப்ட்காரர் முடிவு செய்துவிட்டார். அதற்காக எவ்வளவு மெதுவாக ஓட்டவும் அவர் தயாராக இருந்தார்.

பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறதா? கொஞ்சம் பொறுங்கள். அந்த மனுஷன் பட்ட பாட்டைக் கேட்டால் உங்களுக்கே அழுகை வரும்.

வாரத்தில் ஆறு நாள் ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்ப்பது அவர் தொழில். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி ஏறித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஏழாவது நாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய கல்குவாரிக்குப் போவார். அங்கே மேடும் பள்ளமும் சேறுமாக ஒரு பாதை. அதில் பந்தயம் விடுவதற்கென்று ஒரு சங்கம். ஆரம்ப வகுப்பு, நடு வகுப்பு, தேர்ந்த வகுப்பு என்று மூன்று பிரிவு. லிஃப்ட்காரர் பதினோரு வருஷமாக ஆரம்ப வகுப்பு. பள்ளிக்கூடத்தில்கூட ஒரே வகுப்பில் அத்தனை வருஷம் உட்கார விடமாட்டார்கள்.

அவர் மோசமாக ஓட்டுகிறவர் இல்லை. வருஷா வருஷம் மூன்றாம் இடம். முதல் இரண்டு இடமும் யாருக்குப் போகும் என்றால், நடு வகுப்பில் ஓட்ட வேண்டிய கில்லாடிகள் இரண்டு பேருக்கு. அவர்கள் அங்கே போனால் உதை வாங்குவோம் என்று தெரிந்து, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆரம்ப வகுப்பிலேயே ஒளிந்திருந்தார்கள். வருஷம் முழுக்க வேண்டுமென்றே சொதப்புவார்கள். கோப்பைப் பந்தயத்தன்று மட்டும் பறப்பார்கள். லிஃப்ட்காரர் அவர்கள் கிளப்பிய புழுதியைத் தின்றுகொண்டே வந்து சேருவார்.

போன வருஷம் பொறுமை போய்விட்டது. சங்கக் கூட்டத்தில் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். "இது என்னய்யா அநியாயம்! தகுதிக்குத் தகுந்த வகுப்புல ஓட்ட வைங்க! கண்டிப்பான ஒரு ஆளைப் போட்டுக் கணக்கா நேரம் பாருங்க!"

சங்கத்தார் யோசித்தார்கள். கண்டிப்பான ஆள் யார்? எல்லாருடைய பார்வையும் கூட்டம் நடந்த கூடாரத்தின் மூலையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணிமேல் விழுந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷ வேலை. ஐந்து புள்ளி ஒன்பதை ஆறு என்று சொல்ல உயிர் போனாலும் சம்மதிக்காதவள். லிஃப்ட்காரரின் மனைவி.

அவர் நாற்காலியிலிருந்து இறங்கும் முன்பே தீர்மானம் நிறைவேறிவிட்டது.

அவள் பொறுப்பேற்ற கையோடு அந்தக் கில்லாடிகள் இருவரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைக்குள் நடு வகுப்புக்குத் தூக்கியடிக்கப்பட்டார்கள். லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. முன்னால் இருந்த இருவரும் ஒழிந்தார்கள் என்றால் மூன்றாமவன் யார்? முதலாமவன்! வரவேற்பறை அலமாரியில் கோப்பைக்கு இடம்கூட ஒதுக்கிவிட்டார். அந்தச் சந்தோஷம் சரியாக நாலு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் அவள் புது விதியைக் கொண்டுவந்தாள்.

"எல்லாரும் ஒரு தாள்ல அவங்கவங்க நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்" என்றாள் சாப்பாட்டு மேஜையில். "ஒரு சுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு. அதை வச்சுத்தான் யார் எந்த வகுப்புன்னு பிரிப்போம்."

"எத்தனை நிமிஷத்துக்குக் கீழ வந்தா நடு வகுப்பு?"

"அதைச் சொல்ல மாட்டோம். சொன்னா எல்லாரும் அதுக்கு ஒரு வினாடி மேல எழுதிக் கொடுத்துடுவீங்க."

"சும்மா மெதுவா எழுதிட்டு, பந்தயத்தன்னைக்கு வேகமா ஓட்டினா?"

"ஒவ்வொரு வண்டியிலயும் ஒரு சின்னப் பெட்டி ஒட்டுவோம். எல்லைக்கோட்டைத் தாண்டினா எங்க கம்ப்யூட்டர்ல நேரம் ஏறிடும். எழுதினதைவிடப் பத்து வினாடிக்கு மேல வேகமா ஒரு சுத்து போனாலும் அந்தப் பந்தயம் ரத்து. நேரா அடுத்த வகுப்பு."

"சரி, என்கிட்ட மட்டும் சொல்லு. வகுப்பு பிரிக்கிற கோடு எங்க போட்டிருக்கீங்க?"

"சொல்ல முடியாதுங்க."

"நான் உன் புருஷன்டீ!"

"அதனாலதான் சொல்ல முடியாது. நீங்க உண்மையை எழுதுங்க. ஒரு தொல்லையும் வராது."

உண்மையை எழுதுங்க! லிஃப்ட்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவளுடைய சாதாரண வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சுரங்கப்பாதை இருப்பதாக அவர் கண்டிருக்கிறார். 'சட்டை நல்லாத்தான் இருக்கு' என்றால் மாற்று என்று அர்த்தம். 'உங்க இஷ்டம்' என்றால் செத்தாய் என்று அர்த்தம். அப்படியானால் 'உண்மையை எழுதுங்க' என்பதற்கு என்ன அர்த்தம்?

அவருடைய உண்மையான நேரம் மூன்று நிமிஷம் பன்னிரண்டு வினாடி. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து, யாரும் இல்லாத நேரத்தில் தனியாகப் போய், கைக்கடிகாரத்தை வைத்து அவரே அளந்தது. ஆரம்ப வகுப்பில் மிச்சமிருக்கும் ஆட்களில் அதைவிட வேகம் யாருமில்லை. அதுதான் பயமே. எல்லாரையும்விடத் துருத்திக்கொண்டு நின்றால் முதலில் வெட்டுப்படும் தலை எது? கோட்டை மூன்று பதினைந்தில் போட்டிருந்தால் அவர் கதி என்ன? நடு வகுப்பில் போய்க் கடைசி இடம். பதினோரு வருஷத்துக் கனவு சேற்றில்.

எப்படியாவது கோடு எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுநாள் காலை அவர் எழுந்ததும் பாத்திரம் கழுவினார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்றாள் மனைவி.

"ஏன், கட்டின பொண்டாட்டிக்கு ஒரு உதவி செய்யக் கூடாதா?"

"செய்யலாமே" என்றாள்.

ஒன்பது மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினார். மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தார். அப்போதுதான் அவை வெள்ளை நிறம் என்று தெரிந்தது. மூடாத அலமாரிக் கதவை மூட வைத்தார். மெத்தைகளைத் தோளில் சுமந்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் நைசாக அவள் பக்கத்தில் வந்து நிற்பார்.

"அந்தக் கோடு..."

"எந்தக் கோடு? தரை துடைச்சீங்களே, அங்க ஒரு கோடு விட்டுப்போச்சு, பாருங்க."

அவள் குளிக்கப் போன நேரத்தில் கைப்பையைத் துழாவினார். தலைவலி மாத்திரை இருந்தது. பாதி முடித்த குறுக்கெழுத்து இருந்தது. அடியில் நான்காக மடித்த ஒரு தாள். பிரித்தார். அவள் கையெழுத்தில் ஒரே வரி: 'தேடி முடிச்சதும் ஜிப்பை மூடிடுங்க.'

மூடினார். வேறென்ன செய்வது?

ஆறாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்காலியில் சரிந்து கிடந்தவரைப் பார்த்து அவளுக்கே பாவமாகப் போய்விட்டது போலிருக்கிறது. வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்தபடி சொன்னாள். "ஏங்க இப்படி உடம்பைக் கெடுத்துக்கறீங்க? உண்மையை எழுதுங்கன்னு சொல்லிட்டேன்ல?"

"அதை விடு. வேற ஏதாவது சொல்லு."

"வேற என்ன சொல்ல? தம்பி எழுதிக் கொடுத்துட்டான். மூணு நிமிஷம் இருபத்தஞ்சு. அவனே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறான், அதனால ரகசியம் இல்ல."

லிஃப்ட்காரர் இடுப்பை மறந்து எழுந்து உட்கார்ந்தார். மைத்துனன்! கீழ் வீட்டில் குடியிருப்பவன். பள்ளி வேன் ஓட்டுகிறவன். பந்தயத்திலும், பின்னால் இருபது குழந்தைகள் உட்கார்ந்திருப்பது போலவே ஓட்டுவான். வளைவில் கையைக் காட்டிவிட்டுத்தான் திரும்புவான். அவன் மூன்று இருபத்தைந்து. அவள் தன் தம்பியைப் பற்றி ஏன் வலிய வந்து சொல்கிறாள்? ஜாடை காட்டுகிறாள்! அங்கேதான் பத்திரமான இடம் என்கிறாள்! வெளிப்படையாகச் சொல்லப் பதவி தடுக்கிறது, பாவம். அவர் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதான்.

மேலும் ஒரு விஷயம். மைத்துனனுக்குப் பின்னால் நிற்பது அவருக்குப் பழக்கமில்லை, அது மெதுவாக ஓட்டுவதில் ஆனாலும் சரி. பேனாவை எடுத்து 'மூன்று நிமிஷம் முப்பது வினாடி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அவள் தாளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"நிச்சயமா இதுதானா?"

"என் தாய்மேல ஆணையா."

"உங்க இஷ்டம்" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதுமே அவர் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். கோப்பை கண்ணை மறைத்தது.

திட்டம் இதுதான். முப்பது எழுதியாகிவிட்டது. பத்து வினாடி சலுகை உண்டு. ஆகவே ஒரு சுற்றுக்கு மூன்று இருபது வரை போகலாம், அதாவது இருநூறு வினாடி. மற்றவர்கள் எப்படியும் இருபத்தைந்துக்கு மேல்தான். இருநூறுக்கு ஒரு வினாடிகூடக் குறையாமல் நாலு சுற்றையும் முடித்தால் கோப்பை வீட்டுக்கு வந்துவிடும். கைக்கடிகாரம் கட்டக் கூடாது என்று அம்மையார் விதி போட்டிருந்தார். போடட்டும். லிஃப்டின் தரையை மாடித் தரையோடு மயிரிழை பிசகாமல் நிறுத்துகிறவருக்கு வாயால் எண்ண முடியாதா?

எண்ணிப் பழகினார். பல் தேய்க்கும்போது இருநூறு. படி ஏறும்போது இருநூறு. குளியலறையில் நூற்று அறுபதில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது.

"உள்ள என்ன எண்ணிட்டிருக்கீங்க?"

"மூச்சுப் பயிற்சி!"

"மூச்சு விட எண்ணணுமா?"

அவர் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

பந்தயத்துக்கு முதல் நாள் பட்டியல் ஒட்டினார்கள். ஆரம்ப வகுப்பு, பதினேழாம் எண், லிஃப்ட்காரர். அதைப் பார்த்து அவர் போட்ட ஆட்டத்தை வர்ணிக்க வேண்டாம். இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது என்று மட்டும் சொன்னால் போதும்.

கொடி விழுந்தது. பத்து வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன. தலைக்கவசத்துக்குள் லிஃப்ட்காரர் எண்ணத் தொடங்கினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. முதல் மேட்டில் இருபத்தெட்டு. சேற்றுப் பள்ளத்தில் எழுபது. அதில் பேக்கரிக்காரர் வண்டியோடு புதைந்துபோய் மூன்று பேருக்கு வழியை அடைத்துக்கொண்டார். லிஃப்ட்காரருக்கு வழி சுத்தமாகத் திறந்தது. கோட்டுக்குப் பத்தடி முன்னால் வந்தபோது எண்ணிக்கை நூற்று எண்பத்தெட்டு.

ஐயையோ, சீக்கிரம் வந்துவிட்டோமே!

பிரேக்கை அழுத்தி நின்றார். பந்தயத்தில் முதலாவதாக வருகிறவன் எல்லைக்கோட்டுக்கு முன்னால் நின்று கையுறையை இழுத்துவிட்டுக்கொள்வதை அந்தக் குவாரி அதற்குமுன் பார்த்ததில்லை. ஜனங்கள் கத்தினார்கள். அவர் நிதானமாக ஒவ்வொரு விரலாக இழுத்து, இருநூறில் கோட்டைத் தாண்டினார். கூடாரத்துக்குள் மனைவி கம்ப்யூட்டரைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டாள். அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. என்றைக்குத்தான் முடிந்திருக்கிறது?

இரண்டாம் சுற்றில் ஒரு சந்தேகம் வந்து தொலைத்தது. பதற்றத்தில் வேகமாக எண்ணுகிறோமோ? எதற்கும் இருக்கட்டும் என்று பத்து கூட்டிக்கொண்டார். ஆகவே கோட்டுக்கு முன்னால் இந்த முறை இன்னும் அதிக நேரம் நிற்க வேண்டியதாயிற்று. வண்டியைச் சாய்த்துச் சங்கிலியைப் பார்ப்பதுபோல் குனிந்தார். நூற்றுத் தொண்ணூற்று ஆறு. நூற்றுத் தொண்ணூற்று ஏழு. பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது.

"மாமா, என்னாச்சு? சங்கிலி கழண்டுடுச்சா?"

மைத்துனன்.

"ஒண்ணுமில்ல, நீ போ. நூத்தித் தொண்ணூத்தி எட்டு."

"என்னது நூத்தித் தொண்ணூத்தி எட்டு?"

"போடாங்கறேன்ல!"

"உங்களை இப்படி விட்டுட்டு எப்படி மாமா போறது? அக்கா பாத்துட்டிருக்கு." அவன் வண்டியை நிறுத்தி இறங்கியே விட்டான். சங்கிலியைத் தொட்டுப் பார்த்தான். "நல்லாத்தானே இருக்கு. தண்ணி குடிக்கிறீங்களா?"

லிஃப்ட்காரருக்கு எண்ணிக்கை மறந்துபோயிற்று. "எனக்கு ஒரு கேடும் இல்ல, நீ முன்னால போய்த் தொலை!" என்று அலறினார். அவன் மாமாவின் சொல்லைத் தட்டாதவன். போய்விட்டான். முதலிடத்தில்.

மூன்றாம் சுற்றில் அவன் வாலைப் பிடித்துக்கொண்டே போனார். அப்போதுதான் மண்டையில் பொறி தட்டியது. அவன் மூன்று இருபத்தைந்துக்காரன். அவன் பின்னாலேயே போனால் எண்ண வேண்டிய அவசியமே இல்லையே! கடைசிச் சுற்றின் கடைசி வளைவு வரை இப்படியே தொங்கிக்கொண்டு வந்து, கோட்டுக்கு முன்னால் ஒரே ஒரு தாண்டு. நேரமும் கெடாது, கோப்பையும் வரும். தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

நாலாம் சுற்று ஆரம்பித்தது. முதல் மேட்டின் உச்சியில் மைத்துனன் திரும்பிப் பார்த்தான். மாமா பின்னால் பம்மிக்கொண்டே வருவதைப் பார்த்து அவனுக்கு மனசு கேட்கவில்லை. வேனில் கடைசி இருக்கைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் கையை ஆட்டிக் கத்தினான்.

"பயப்படாம வாங்க மாமா! பள்ளம் வந்தா நான் சொல்றேன்!"

பதினோரு வருஷம். பதினோரு வருஷத்துப் புழுதி மொத்தமும் லிஃப்ட்காரரின் தொண்டையில் ஏறி வந்தது. யாருக்கு யார் பள்ளம் காட்டுவது? கோடாவது, இருநூறாவது! கைப்பிடியைக் கடைசிவரை முறுக்கினார். வண்டி அலறியது. மைத்துனனைத் தாண்டியபோது அவன் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது எரிகிற நெருப்பில் எண்ணெயாயிற்று. சேற்றுப் பள்ளத்தைத் தொடாமலே தாண்டினார். வளைவில் முழங்கால் மண்ணைத் தேய்த்தது. தலைக்குள் எண்ணிக்கை இல்லை, முன்னால் புழுதியும் இல்லை. சுத்தமான காற்று. அது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாருமே அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சிரித்தார். அழுதார். தலைக்கவசத்துக்குள் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. இரண்டு கையையும் தூக்கியபடி கோட்டைத் தாண்டினார். அடுத்தவன் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

கூடாரத்திலிருந்து 'பீப்' என்றது கம்ப்யூட்டர்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் அவருக்கு எண்ண மறந்தது ஞாபகம் வந்தது.

ஒலிபெருக்கியில் மனைவியின் குரல் வந்தது. ரத்தத்தில் சர்க்கரை அளவு சொல்கிற அதே குரல். "பதினேழாம் எண் வண்டி. எழுதிக் கொடுத்த நேரம் மூணு நிமிஷம் முப்பது. கடைசிச் சுற்றின் நேரம் மூணு நிமிஷம் நாலு. இருபத்தாறு வினாடி வித்தியாசம். பந்தயம் ரத்து. அடுத்த மாதத்திலிருந்து நடு வகுப்பு. ஆரம்ப வகுப்புக் கோப்பை, ஐந்தாம் எண் வண்டிக்கு."

ஐந்தாம் எண் வண்டி மைத்துனனுடையது. அவனுக்கு நம்பவே முடியவில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேராக மாமாவிடம் ஓடி வந்து, "எல்லாம் உங்க ஆசீர்வாதம் மாமா" என்று காலில் விழப்போனான். லிஃப்ட்காரர் காலை இழுத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று மாடியையும் ஏறினார். கீழ் வீட்டில் வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கோப்பையை எந்த மேஜையில் வைப்பது என்று சத்தமாக ஆலோசனை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் போய் உட்கார்ந்தார். மனைவி எதிரே வந்து உட்கார்ந்து, சேறு ஒட்டிய அவருடைய கையைத் துணியால் துடைத்துவிட்டாள்.

"நல்லா ஓட்டினீங்க" என்றாள். நிஜமாகவே சொன்னாள். "கடைசிச் சுத்துல நான் எழுந்து நின்னுட்டேன்."

"அதான் ரத்து பண்ணிட்டியே."

"விதி விதிதானேங்க." ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் நகர்த்தினாள். "நடு வகுப்புக்குப் புதுசா எழுதிக் கொடுக்கணும். இந்தத் தடவையாவது உண்மையை எழுதுங்க."

இனி எதற்குச் சூழ்ச்சி? எதற்குத் தந்திரம்? நடு வகுப்பில் கோப்பையை அவர் தொலைநோக்கி வைத்துப் பார்த்தால்கூடத் தெரியாது. சாகும்வரை அங்கே கடைசி ஆளாக அந்தக் கில்லாடிகள் இருவரின் புழுதியையும் சாப்பிட வேண்டியதுதான். பெருமூச்சு விட்டார். பேனாவை எடுத்தார். வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு வினாடிகூடக் கூட்டாமல் குறைக்காமல், 'மூன்று நிமிஷம் நான்கு வினாடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"இதை முதல்லயே எழுதியிருக்கலாமேங்க" என்றாள். "மூணு நிமிஷத்துக்கு மேல இருந்தா ஆரம்ப வகுப்புதானே."